பெறுநர்

லெட்டர்பேடு அடிக்க எண்ணூறு ரூபாய்.
கடனாகக் கொடுத்தவள் நான்.
திருப்பிக் கேட்க வேண்டியதும் என்னிடமே,
பொருளாளர் நானாக்கும்.

குழித்துறை ஆற்று மீட்புக் குழு.
பதிவு எண் உண்டு. ஆட்கள் ஒன்பது.
லாரி டியூப் இரண்டு,
கயிறு ஒன்று, அதில் முடிச்சு நாலு.
தேவை: மிதவைச் சட்டை பத்து.
பெறுநர் என்ற இடத்தை மட்டும்
காலியாக விட்டு நகல் எடுத்தோம்.

முதலில் நகைக்கடை.
செயலாளர் றசாலம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்,
யாரும் கழற்றச் சொல்லவில்லை.
மேலாளர் நல்ல மனிதர். டீ வரவழைத்தார்.
"வடம்வலிக்குக் கேளுங்க, தாறோம்.
கிறிஸ்துமஸ் குடிலுக்குத் தந்திருக்கோம்,
கபடிக்கு பனியன் தந்திருக்கோம்.
இது சப்பாத்துல பிணம் எடுக்கிய காரியமில்லா?
நாளைக்கு பேப்பர்ல போட்டோ வரும்.
சட்டையில கடைப் பேரு,
கையில யாரோ பெத்த பிள்ளை.
தாலி எடுக்க வாறவங்க அதைப் பாக்கணுமா?"
டீயில் ஏலக்காய் போட்டிருந்தார்கள்.
அவர் சொன்னதில் ஒரு தப்பு கண்டுபிடிக்க
மார்த்தாண்டம் மேம்பாலத்தின் நீளம் முழுக்க முயன்றேன்.

முந்திரி ஆலையில் போன வருஷக் கணக்கைக் கேட்டார்கள்.
போன வருஷம் நாங்கள் இல்லை.
ரப்பர் வியாபாரி சொன்னார், மழை நிற்கட்டும்,
மழையில் ஏது பால்வெட்டு, ஏது பணம்?
மழை நின்றால் எங்களுக்கு வேலையில்லை என்றேன்.
"அப்போ நல்லதுதானே" என்றார்.
வங்கி எங்களை மும்பைக்கு எழுதச் சொன்னது.
மும்பையிலிருந்து வாழ்த்து வந்தது.
ஜவுளிக்கடை ஒன்று மட்டும்
உடனே, கையோடு, பெரிய மனசோடு
பத்து தொப்பி தந்தது.
தொப்பி மிதக்கும்.

ஆடி அமாவாசைக் கூட்டத்தில் ஒரு பையன் போனான்.
வில்பிரட் சட்டையில்லாமல், அதாவது
மிதவைச் சட்டையில்லாமல், இறங்கினான்.
நாற்பது நிமிஷம்.
மறுநாள் போட்டோ வந்தது, முதல் பக்கத்தில்.
வில்பிரட் போட்டிருந்தது பழைய கபடி பனியன்.
நெஞ்சுக்குக் குறுக்கே நகைக்கடையின் பெயர்,
ஒரு எழுத்துகூட மறையாமல்.
மேலாளர் போன் செய்தார். கோபப்படவில்லை.
அந்த பனியனுக்குப் பதில் வேறொன்று தருவதாகச் சொன்னார்,
பெயர் போடாதது.

பிறகு, நாங்கள் கேட்காமலே,
வெட்டுமணியிலிருந்து ஜாஸ்பர் வந்தார்.
பதினாறாயிரம், ரப்பர்பேண்ட் போட்டு.
அவருக்குச் சவப்பெட்டிக் கடை.
பலாமரத்தில் ஒரு ரகம், பிளைவுட்டில் ஒரு ரகம்.

அன்றைய கூட்டம் இரவு பதினொன்று வரை நீண்டது.
"உயிர்ச்சட்டையில சவப்பெட்டிக்காரன் பேரா?
ஊரு சிரிக்கும் வேய்."
"நகைக்கடை நம்மளப் பாத்து சொன்னதத்தான்
நீ இப்போ இவரப் பாத்து சொல்லுதே."
சிந்துகுமாரி கடைசியாகப் பேசினாள்:
"நாம ஒழுங்கா வேல செஞ்சா
அவருக்கு யாவாரம் குறையும்.
அது தெரிஞ்சுதானே தந்திருக்காரு?"
தெரிந்துதான் தந்தாரா என்று
அவரிடம் கேட்கும் துணிவு ஒன்பது பேருக்கும் இல்லை.
ஐந்துக்கு நான்கு. வாங்கிக்கொண்டோம்.
"பேரு வேண்டாம்" என்றார் ஜாஸ்பர்,
"போன் நம்பர் மட்டும் போடுங்க."

ஆவணியில் வெள்ளம்.
துணி துவைத்த பெண்ணொருத்தி வழுக்கிப் போனாள்.
வில்பிரட் அவளைக் கரையில் கவிழ்த்துப் போட,
குடித்த ஆற்றை எல்லாம்
அவன் தோளில் இருந்த
பத்து இலக்கத்தின் மேல் கக்கினாள்.

நன்கொடையின் பயன்பாட்டைத் தெரிவிப்பது
பொருளாளர் கடமை. கூப்பிட்டேன்.
"சப்பாத்துல ஒரு ஆளை எடுத்தோம்" என்றேன்.
அந்தப் பக்கம் வாள் நின்றது.
"எத்தனை அடி?" என்றார்.

"அளவு வேண்டாம்.
உயிரோட."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
"கொள்ளாம்" என்றார்.
பிறகு மறுபடி
மரம் அறுபடும் சத்தம்.